வறண்ட நிலத்துத் துத்தி இனங்கள்: பெயரும் பொருளும்

நிகண்டுகளின் மரப்பெயர்த் தொகுதியைப் பயில்வார்க்கு ஒரு குறை விளங்காமற் போகாது. ஒரு செடிக்குரிய பல பெயர்கள் அங்கு ஒருங்கே கோக்கப்பெற்றுள்ளன. அச்செடி இன்ன வடிவினது, இன்ன நிலத்தில் வளர்வது என்னும் குறிப்போ இல்லை. நிகண்டு செய்தார் காலத்தில் அக்குறிப்பு வேண்டப்பட்டதும் இல்லை. பெயரைக் கற்ற மாணாக்கன் செடியை முன்னரே அறிந்திருந்தான். இன்று அந்நிலை மாறிவிட்டது. பெயரைக் கற்கின்றோம், செடியை அறிகின்றோம் அல்லேம். ‘ஒருவகைச் செடி’ என்றும், ‘ஒரு பூடு’ என்றும் முடியும் அகராதிப் பதிவுகள் பல. அவை சொல்லைக் காத்துப் பொருளை இழந்த பதிவுகள் ஆகும்.

இவ்விழப்பு மிகுதியும் நேர்ந்திருப்பது எளிய செடிகளின் பெயர்களிலேயாம். காந்தளும் குறிஞ்சியும் புலவர் பாடலால் நிலைபெற்றன. அவற்றை ஆராய்ந்தாரும் பலர். வழியோரத்தும், கரம்பிலும், முரம்பிலும் தாமே முளைத்துக் கோடையிலும் பூத்து நிற்கும் சிறு செடிகளை நாடுவார் சிலரே. அத்தகைய செடிகளுள் துத்தியும் அதன் இனமும் தலையாயவை. உணவிலும் மருந்திலும் நாள்தோறும் பயன்பட்டு வந்த இவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. அம்மயக்கத்தை நீக்கும் வழி யாது என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் ஈண்டு நிறுவக் கருதுவது ஒன்றே. இக்குடும்பத்துச் செடிகளைப் பூவை நோக்கிப் பிரித்தறிய முற்படுவோர் தடுமாறுவர். காயையும், பூவின் புறத்தேயுள்ள சிற்றிலைகளையும், இலையையும் நோக்குவோர் தெளிவர். தமிழ் மக்கள் இச்செடிகட்குப் பெயரிட்டபொழுது பெரிதும் பின்னைய வழியையே மேற்கொண்டனர். ஆதலின் பெயரின் முன்னடை இவ்வாராய்ச்சிக்குத் தக்க கருவியாகும்.

1. குடும்பத்தின் பொது இயல்பு

தாவர நூலார் மால்வேசி எனக் கூறும் குடும்பத்தைத் தமிழிற் பருத்திக் குடும்பம் என்றும் துத்திக் குடும்பம் என்றும் வழங்கலாம். பருத்தி, வெண்டை, பூவரசு, செம்பரத்தை ஆகிய நான்கும் இதன்கண் அடங்குவன. இந்நான்கனுள் ஒன்றன் பூவைக் கூர்ந்து நோக்கினார்க்குக் குடும்பத்தின் இயல்பு ஒருவாறு புலனாகும்.

இதழ்கள் ஐந்து. அரும்பு நிலையில் ஓரிதழின் விளிம்பு அடுத்த இதழின் விளிம்பை மூட, அவை முறுக்கிய துணிபோல் அமைந்திருக்கும். பூவின் நடுவே கேசரங்கள் பல உள. அவற்றின் தாள்கள் தனித்தனி நில்லாமல் ஒன்றிணைந்து ஒரு குழாயாகின்றன. அக்குழாயின் உள்ளேயிருந்து சூல்தண்டு மேலெழுந்து வெளிப்படுகின்றது. செம்பரத்தைப் பூவினின்று நீண்டு தொங்கும் தண்டு இக்குழாயே. கேசரக் குழாய் காணப்படின் செடி இக்குடும்பத்தது எனப் பெரும்பாலும் துணியலாம்.

பூவில்லாக் காலத்து வேறு இரண்டு அடையாளங்கள் உதவும். இலையைக் கசக்கினால் வழுவழுப்பான சாறு தோன்றும். வெண்டைக்காயை அரிவார் அறிந்த அவ்வழுவழுப்பு இக்குடும்பத்துச் செடிகளில் மிகுதியும் உண்டு. மற்றோர் அடையாளம் இலையின்மேல் உள்ள மயிர். உருப்பெருக்கியால் நோக்கின், ஓரிடத்தினின்றே பல கதிர்களாகப் பிரிந்து விண்மீன் வடிவாக அம்மயிர் தோன்றும். வறண்ட நிலத்துச் செடிகளில் இம்மயிர் அடர்ந்து மூடி இலைக்கு வெண்பசுமை நிறத்தைத் தருகின்றது.

இவையெல்லாம் பொது இயல்புகள். இனி, வறண்ட நிலங்களில் தாமே வளர்வனவற்றுள் பல செடிகளின் பூ, சிறிதும் பெரிதுமான அளவில், மஞ்சள் நிறமும் ஐந்து இதழும் உடையதாகவே அமைந்துள்ளது. ஆகவே ‘மஞ்சட்பூப் பூக்கும் செடி’ என்னும் விளக்கம் இவ்வினத்தை வரையறுத்தற்குச் சிறிதும் உதவாது. வேற்றுமை எங்குள்ளது என்பதை ஒவ்வொரு செடியாகக் காண்போம்.

2. துத்தி

துத்தி எனச் சிறப்பாக வழங்கப்பெறுவது தாவர நூலார் கூறும் அபூட்டிலான் இண்டிக்கம் ஆகும். ஓராள் உயரம் வரை வளரும் குறுஞ்செடி. இலை நெஞ்சு வடிவினது. நீண்ட காம்பும் பல்போன்ற விளிம்பும் உடையது. தொடுதற்கு மென்பட்டுப் போல்வது. இலைக்கக்கத்தில் ஒற்றைப் பூ நீண்ட காம்பில் நிற்கும். அக்காம்பின் மேற்பகுதியில் ஒரு கணு உண்டு. பூ பிற்பகலில் விரியத் தொடங்கி மாலையில் நன்கு மலர்ந்திருக்கும். காலையில் மட்டும் செடியை நோக்குவார் பூவைக் கூம்பிய நிலையிலேயே காண்பர்.

எனினும் துத்தியைத் துத்தியென ஐயமற உணர்த்துவது அதன் காயே. பெரும்பாலும் 15 முதல் 20 வரையான கூறுகள் வட்டமாக நெருங்கி அமைந்து, பற்சக்கரம் போன்ற தோற்றத்தை அதற்குத் தருகின்றன. முற்றியபின் கருநிறம் அடைந்து கூறுகள் பிரியும். ஒவ்வொரு கூற்றினுள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் உள்ளன. பூவின் அடியிற் புல்லி வட்டம் ஒன்றே உண்டு. அதன் புறத்தே வேறு சிற்றிலைகள் இல்லை.

இச்செடிக்குப் பணியாரத் துத்தி என்னும் பெயரும் வழங்குகின்றது. தட்டையாகவும் வட்டமாகவும் நிற்கும் காயின் தோற்றமே இப்பெயர்க்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும். பூவின் நிறமோ மணமோ பெயரில் இடம்பெறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதனோடு மயங்கும் செடி அபூட்டிலான் ஹிர்ட்டம் என்பது. வறண்ட வெளிகளில் இரண்டும் அருகருகே வளர்தல் உண்டு. பின்னதன் தண்டில் நீண்ட மயிர்களும் பசைத்தன்மையும் காணப்படும். பூவின் நடுவே கருஞ்சிவப்புக் கறை இருக்கும். காயின் கூறுகள் 20க்கு மேற்பட்டவை. மக்கள் இதனையும் துத்தி என்றே கூறுவர். இதனால் பெயர் ஒரு செடிக்கு மட்டும் உரியதாகாமல் ஓர் இனத்திற்கு உரியதாய் நிற்றல் பெறப்படும்.

இலக்கியம் பயில்வார் மற்றொன்றும் நினைவிற் கொள்ளல் வேண்டும். துத்தி என்னுஞ் சொல் பாம்பின் படத்திலுள்ள பொறியையும், மேனியிற் படரும் தேமலையும் குறிக்கும் என அகராதிகள் கூறுகின்றன. ஆதலின் பழம்பாடலில் இச்சொல்லைக் கண்டவுடன் செடியெனக் கொள்ளுதல் கூடாது. இடம் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

3. நிலத்துத்தியும் அதன் சுற்றமும்

துத்தியினும் சிறியவாய், நிலத்தோடு ஒட்டியோ முழங்காலளவு உயர்ந்தோ வளரும் செடிகளைத் தாவர நூலார் சைடா என்னும் இனத்தின்பாற் படுத்துவர். பூ சிறியது, மஞ்சள் நிறத்தது, பகற்பொழுதில் விரிந்து மாலைக்குள் குவிவது. இவ்வினத்திற்கும் புறச் சிற்றிலைகள் இல்லை. துத்தியினின்று இதனை வேறுபடுத்துவது விதையே. சைடாவின் காய்க்கூறு ஒவ்வொன்றிலும் ஒரே விதை உண்டு. துத்தியின் கூற்றிலோ பல விதைகள். காய்க்கூறு ஒன்றனை நகத்தாற் பிளந்து நோக்குவார்க்கு ஐயம் எழ இடமில்லை.

இவ்வினத்துள் நிலத்துத்தி எனப்படுவது சைடா கார்டிபோலியா. இலை நெஞ்சு வடிவினது. இருபுறமும் மென்மயிர் அடர்ந்தது. காய்க்கூறுகள் 8 முதல் 10 வரை. ஒவ்வொன்றன் தலையிலும் கொம்புபோல் இரண்டு நீண்ட முனைகள் புல்லி வட்டத்திற்கு வெளியே நீட்டி நிற்கும். அம்முனைகளில் கீழ்நோக்கிய மயிர்கள் உண்டு. ஆடையிலும் விலங்கின் மயிரிலும் அவை பற்றிக்கொள்ளும்.

சைடா ராம்பிபோலியா என்பதன் இலை சாய்சதுர வடிவினது, அடிப்பகுதி ஆப்புப்போலக் குறுகிப் பல்லின்றி அமைந்தது, அடிப்புறம் வெளிறியது. சைடா ஸ்பினோசா என்பதன் இலைக்காம்பின் அடியில் முள்போன்ற சிறு புடைப்பு உண்டு, காய்க்கூறுகள் 5.

அரிவாள்மணைப்பூடு எனப்படுவது சைடா அக்யூட்டா. இலை ஒடுங்கி நீண்டு இருமருங்கும் ஒரே தளத்தில் அமைந்திருக்கும். இலைக்காம்பின் இருபுறத்தும் உள்ள செதில்கள் ஒத்த அளவின அல்ல. ஒன்று அகன்றும் ஒன்று ஒடுங்கியும் இருக்கும். இது பிற சைடாக்களினின்று இதனைப் பிரிக்க உதவும் நுண்ணிய அடையாளம். காய்க்கூறுகள் பெரும்பாலும் 5 முதல் 8 வரை.

இச்செடிக்கு மலைதாங்கி, வட்டத்திருப்பி என்னும் பெயர்களும் மருந்து நூல்களிலும் வழக்கிலும் உண்டு. இப்பெயர்களே சீந்தில் குடும்பத்தைச் சார்ந்த கொடியொன்றிற்கும் வழங்குகின்றன. ஒன்று நிமிர்ந்து நிற்கும் செடி. மற்றொன்று பற்றிப் படரும் கொடி. குடும்பமும் வேறு, குணமும் வேறு. வேரை மட்டும் உலர்த்தி விற்குமிடத்து இரண்டனையும் பெயரால் மட்டும் வேறுபடுத்தல் இயலாது. ஏட்டில் ‘மலைதாங்கி வேர்’ என்றிருப்பின், பதிப்பாசிரியர் எச்செடியைக் கொள்வது என்பது உயிரோடு தொடர்புடைய வினா ஆகின்றது. பெயராராய்ச்சி வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு இவ்வொன்றே சான்று.

4. ஆமுட்டி இரண்டும் ஒட்டுத்துத்தியும்

சிற்றாமுட்டி, பேராமுட்டி என்னும் இரு பெயர்களும் எண்ணெய் காய்ச்சும் முறைகளில் அடிக்கடி காணப்படுவன. இவை முறையே பவோனியா சீலானிக்கா, பவோனியா ஓடொராட்டா என்னும் செடிகள் எனப் பெரும்பாலார் கொள்வர். இரண்டும் செம்மண் நிலத்தும் கற்பாங்கான வெளியிலும் வளர்பவை.

இவற்றின் பூவில் ஒரு வியத்தகு முரண்பாடு உண்டு. காய்க்கூறுகள் 5, சூல்முடிகளோ 10. பிற இனங்களில் சூலறையும் சூல்முடியும் எண்ணால் ஒத்து நிற்க, இவற்றில் முடி இருமடங்காகின்றது. புல்லி வட்டத்தின் புறத்தே நூல்போன்ற சிற்றிலைகள் பல சூழ்ந்திருக்கும். இச்சிற்றிலை வளையத்தைப் புறப்புல்லி வட்டம் என்பர். துத்திக்கும் நிலத்துத்திக்கும் இல்லாத உறுப்பு இது. எனவே இவ்வுறுப்பின் உண்மையும் இன்மையும் நோக்கியே ஆமுட்டியைத் துத்தியினின்று ஒரு நொடியிற் பிரித்துவிடலாம்.

சிற்றாமுட்டியின் மேலிலைகள் மூன்றாகவோ ஐந்தாகவோ ஆழப் பிளவுபட்டவை. பூ வெளிறிய நிறத்தது. பேராமுட்டியின் இலை அவ்வாறு ஆழப் பிளவுபடுவதில்லை, பூ இளஞ்சிவப்பு, வேர் மணமுடையது. அதன் இலத்தீன் பெயரின் ஈற்றுச்சொல்லும் மணத்தையே சுட்டுகின்றது. வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் ஹ்ரீபேரம் என்பது பேராமுட்டியே என்பாரும், தென்னாட்டிற் குருவேர் என வழங்கும் துளசிக் குடும்பத்துச் செடி என்பாரும் உளர். இரண்டன் வேரும் மணமுடைமையே இக்கருத்து வேறுபாட்டிற்கு இடந்தந்தது போலும்.

சிற்றாமுட்டி என்னும் பெயரிலும் சிக்கல் உண்டு. வடநூலார் கூறும் பலா என்னும் மருந்துச் செடி சைடா இனத்தது. அதற்குத் தமிழ்ப் பெயர் தருமிடத்துச் சிலர் சிற்றாமுட்டி என்றனர். மலையாள நாட்டிற் குறுந்தோட்டி என வழங்குவதும் சைடா இனமே. ஆகவே ஒரே மருந்து முறை வடக்கிலும் மேற்கிலும் சைடாவையும், தமிழ்நாட்டிற் பவோனியாவையும் கொண்டு செய்யப்படும் நிலை நேர்ந்தது. பலா என்பது தமிழில் முக்கனியுள் ஒன்றன் பெயராகவும் இருத்தலின், ஏடெழுதுவோர் கையில் இச்சொல் மேலும் இடர்ப்பட்டது.

ஒட்டுத்துத்தி எனப்படும் யூரினா லொபேட்டாவும் இவற்றோடு ஒருங்கு எண்ணத்தக்கது. இதன் பூவும் இளஞ்சிவப்பு. இதற்கும் காய்க்கூறுகள் 5, சூல்முடிகள் 10. ஆயினும் புறப்புல்லிகள் ஐந்தும் அடியில் இணைந்திருக்கும்; காயின்மேல் நுனியிற் கொக்கி அமைந்த முட்கள் நிறைந்திருக்கும். வேட்டியிலும் ஆட்டின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு வருவதனால் ஒட்டுத்துத்தி என்றனர். இப்பெயரும் பூவை விடுத்துக் காயைப் பற்றியதே.

5. வெடிகனி உடையவை

இதுகாறுங் கூறியவற்றின் காய்கள் முற்றியபின் கூறுகளாகப் பிரிவன. வெண்டைக்காயையும் பருத்திக்காயையும் போலக் கூறாகப் பிரியாது, முற்றியபின் அறைகள் வெடித்து விதையைச் சிந்துவன மற்றொரு பிரிவு. ஹைபிஸ்கஸ் இனம் இப்பிரிவினது. புறப்புல்லி வட்டம் இதற்கும் உண்டு.

வறண்ட நிலத்தில் இவ்வினத்துச் செடிகள் இரண்டு பெரிதும் காணப்படும். ஹைபிஸ்கஸ் மைக்ராந்தஸ் என்பது மெலிந்த கிளைகளும் சொரசொரப்பான இலைகளும் உடையது. பூ மிகச் சிறியது; வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும்; இதழ்கள் பின்னோக்கி மடிந்திருக்கும். விதையின்மேற் பஞ்சுபோன்ற மயிர் உண்டு. ஹைபிஸ்கஸ் வைட்டிபோலியஸ் என்பதன் பூ பெரியது; மஞ்சள் நிறத்தின் நடுவே கருஞ்சிவப்புக் கறையுடையது. இப்பூவை மட்டும் கண்டார் அதனை முன்னர்க் கூறிய அபூட்டிலான் ஹிர்ட்டத்தின் பூவென மயங்குதல் கூடும். காயை நோக்கினால் மயக்கம் நீங்கும். ஒன்றன் காய் பற்சக்கரம் போன்றது. மற்றொன்றன் காய் ஐந்து சிறகுகள் உடைய வெடிகனி.

பருத்தியும் இப்பிரிவினதே. புறநானூற்றுப் பாடலொன்று பருத்தியை வேலியாக உடைய சிற்றூரைக் காட்டுகின்றது. இக்காலத்து மிகுதியாகப் பயிரிடப்படும் அமெரிக்கப் பருத்தி, ஆண்டுதோறும் விதைத்து அறுவடைக்குப்பின் அகற்றப்படும் பயிர். அதனை மட்டும் அறிந்தார்க்கு ‘வேலி’ என்பது அணிமொழியாகத் தோன்றலாம். கரிசல் நிலத்துக் கருங்கண்ணிப் பருத்தி சார்ந்திருக்கும் பழைய இனமாகிய காஸிப்பியம் ஆர்போரியம் இயல்பிற் பல்லாண்டு வாழும் குறுஞ்செடி. அதனை அறிந்தார்க்கு அவ்வேலி கண்ணாற் கண்ட காட்சியாதல் கூடும் என்பது விளங்கும். செடியின் வாழ்நாளை அறிதல் ஒரு சொல்லின் பொருளைத் திருத்துகின்றது.

6. ஊர்ப்பெயர் தாங்கிய அயற்செடி

இவ்வினத்துச் செடிகளைத் தேடுவோர் உள்நாட்டனவற்றையும் அயலினின்று வந்தனவற்றையும் பிரித்தறிதல் வேண்டும். சங்க இலக்கியச் செடியொன்றனைத் துணியும்பொழுது, பின்னாளில் வந்தேறிய செடியைக் காட்டுதல் பெரும்பிழையாய் முடியும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு மால்வாஸ்ட்ரம் கோரமாண்டலியானம். 1753இல் லின்னேயசு இதற்குப் பெயரிட்டபொழுது சோழமண்டலக் கரையின் பெயரை அடையாக்கினார். பெயரை நோக்கினார் இது நம் நாட்டுச் செடியென்றே கருதுவர். ஆனால் இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நிலங்கள் ஆகும். இன்று தமிழ்நாட்டின் வழியோரங்களில் எங்கும் வளர்ந்து, சைடா இனத்தோடு கலந்து நிற்கின்றது. பூவும் மஞ்சள், அளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் இதற்குப் புறப்புல்லிகள் 3 உண்டு. சைடாவுக்கு ஒன்றும் இல்லை. காய்க்கூறுகள் 10 முதல் 14 வரை. ஒவ்வொன்றன்மேலும் குறுகிய மூன்று முனைகள் உள்ளன. மேலே கூறிய அரிவாள்மணைப்பூட்டின் தாயகமும் அமெரிக்க வெப்ப நிலமே என்று கருதுவோர் பலர். வழக்கில் தமிழ்ப் பெயர் இருத்தல் ஒன்றே ஒரு செடியின் பழைமைக்குச் சான்றாகாது. இலத்தீன் பெயரில் நம் நாட்டின் பெயர் இருத்தலும் சான்றாகாது.

7. பெயரிடும் முறைகள் மூன்று

இவ்வினத்திற்குப் பெயரிட்டோர் மூவகையினர். அவர்தம் நோக்கு மூன்று வேறு நெறிப்பட்டது.

வடமொழி மருத்துவ நூலார் பலா, அதிபலா, மகாபலா, நாகபலா என நான்கு பெயர்களை ஒரு தொகுதியாக வைத்தனர். பலம் தருவது என்னும் பயனே அப்பெயர்க்கு அடிப்படை. அதிபலா என்பது துத்தி. அதுவே தமிழில் அதிபலை எனப்பட்டது. பயன் பற்றிய பெயர் மருத்துவனுக்கு உதவும். செடியைத் தேடிச் செல்வானுக்கு அடையாளம் தாராது. நாகபலா எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நிலவுதல் இதனாலேயாம்.

ஐரோப்பியத் தாவர நூலார் பூவின் உறுப்புகளை எண்ணியும் அளந்தும் இனம் வகுத்தனர். அவர்தம் வகுப்பும் தொடக்கத்தில் நிலைபெறவில்லை. லின்னேயசு துத்தியைச் சைடா இனத்துள் வைத்தார். 1826இல் இராபர்ட் சுவீட்டு என்பார் அதனை அபூட்டிலான் இனத்திற்கு மாற்றினார். அபூட்டிலான் என்னுஞ் சொல்லும் அரபு மருத்துவ வழக்கினின்று வந்தது.

தமிழ் மக்கள் வழக்கோ வேறு. துத்தி என ஒரு பொதுப்பெயரை நிறுத்தி, அதன் முன்னர் அடைமொழி கூட்டினர். பணியாரத் துத்தி, ஒட்டுத்துத்தி என்பன காயின் வடிவும் தொழிலும் பற்றியவை. அரசிலைத் துத்தி இலை பற்றியது. நிலத்துத்தி, கொடித்துத்தி என்பன வளரும் முறை பற்றியவை. மலைத்துத்தி, வயல்துத்தி, காட்டுத்துத்தி என்பன இடம் பற்றியவை. இவற்றுட் பூவின் நிறம் பற்றிய பெயர் ஒன்றேனும் இல்லை. காரணம் வெளிப்படை. எல்லாவற்றின் பூவும் ஏறத்தாழ ஒத்திருப்பின், பூவைக் கொண்டு பிரித்தல் எங்ஙனம் இயலும்? ஆடு மேய்ப்போனும், கீரை பறிப்பாளும், மருந்து தேடுவோனும் வேற்றுமை உள்ள உறுப்பை நோக்கினர். பின்னாளில் உருப்பெருக்கி கொண்டு ஆராய்ந்தோர் சிறப்படையாளம் எனக் கண்டதும் பெரும்பான்மை அவ்வுறுப்பையேயாம்.

உறுப்பு நோக்கி வகுத்தல் தமிழுக்குப் புதிதன்று. புறத்தே வயிரம் உடையதனைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதனை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தமை யாவரும் அறிந்ததே. அந்நோக்கின் தொடர்ச்சி நாட்டுப்புறப் பெயர்களில் வாழ்கின்றது.

இப்பெயர்கள் ஐரோப்பிய நூல்களிலும் ஏறியுள்ளன. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டசு மலபாரிக்கசு என்னும் நூல் மலையாள நாட்டுப் பெயர்களை அவ்வாறே பதிவு செய்தது. பூவரசு அதில் ‘பூப்பரித்தி’ என்றும், கரையோரத்து நீர்ப்பருத்தி ‘தாளிப்பரித்தி’ என்றும் காணப்படுகின்றன. மலையாளத்தில் தாளி என்பது தலைமயிர் கழுவப் பயன்படும் வழுவழுப்பான இலைச்சாறு. குடும்பத்தின் பொது அடையாளமாக யாம் முன்னர்க் கூறிய வழுவழுப்பே இப்பெயரில் அமைந்துள்ளது. 2001இல் பிரைக்செல் என்னும் அறிஞர் இம்மரத்தை உள்ளிட்ட இனத்திற்குத் தாலிபரிட்டி என்றே பெயரிட்டார். நம் பருத்தி என்னுஞ் சொல் உலகத் தாவர நூலில் இனப்பெயராய் நிற்பது இங்ஙனம்.

8. குடும்பத்தின் விரிவு

1998க்குப் பின்னர் மரபணு ஆராய்ச்சியின் துணைகொண்டு தாவர நூலார் இக்குடும்பத்தின் எல்லையை விரித்தனர். முன்னர்த் தனிக்குடும்பங்களாக இருந்த இலவின் குடும்பமும், வலம்புரியின் குடும்பமும், சணலின் குடும்பமும் இன்று மால்வேசியுள் அடக்கப்படுகின்றன. இதனால் வறண்ட மலைச்சாரலின் இலவமும், வலம்புரியும் துத்திக்கு உறவாயின.

இவற்றின் பெயர் வழக்கிலும் காயே முன்னிற்கின்றது. வலம்புரி எனப்படும் ஹெலிக்டெரிஸ் ஐசோராவின் பூ முதலிற் செந்நிறமாய் விரிந்து பின்னர் நீலச்சாம்பல் நிறம் அடைவது, கண்ணைக் கவர்வது. மக்கள் அப்பூவைப் பெயராக்கவில்லை. கயிறுபோல் முறுக்கிய காயையே பெயராக்கினர். ‘இலவு காத்த கிளி’ என்னும் பழமொழியும் செம்பூவைக் கூறாது, பழுத்துப் பஞ்சாகும் காயையே கூறுகின்றது.

9. செடியைத் துணியும் முறை

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து, ஆய்வாளர் களத்திற் பின்பற்றுதற்குரிய முறையைக் கீழே தருகின்றோம். முதற்கண் கேசரக் குழாயைக் கண்டு குடும்பத்தைத் துணிக. பின்னர்ப் புறப்புல்லியையும் காயையும் நோக்குக.

(அ) புறப்புல்லி இல்லை. காய்க்கூறு 10க்கு மேற்பட்டன. ஒவ்வொன்றிலும் பல விதை: துத்தி.

(ஆ) புறப்புல்லி இல்லை. காய்க்கூறு பெரும்பாலும் 5 முதல் 10 வரை. ஒவ்வொன்றிலும் ஒரே விதை: நிலத்துத்தி முதலிய சைடா இனம்.

(இ) புறப்புல்லி 3. காய்க்கூறு 10 முதல் 14 வரை. கூற்றின்மேல் மூன்று குறுமுனை: மால்வாஸ்ட்ரம் என்னும் அயற்செடி.

(ஈ) புறப்புல்லி பல, நூல்போன்றவை; காய்க்கூறு 5; சூல்முடி 10; முள் இல்லை: ஆமுட்டி.

(உ) புறப்புல்லி 5, அடியில் இணைந்தவை, காய்க்கூறு 5, சூல்முடி 10, கொக்கி முள் உண்டு: ஒட்டுத்துத்தி.

(ஊ) புறப்புல்லி உண்டு. காய் கூறாகப் பிரியாது வெடிக்கும்: ஹைபிஸ்கஸ், பருத்தி முதலியன.

இம்முறையால் இனம் துணியப்பட்டபின், இலை வடிவும் மயிரும் கொண்டு இனத்துள் வகையைத் துணியலாம். கேம்பிள் என்பார் 1915இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலும், பிற்காலத்திற் கே. எம். மாத்யூ அவர்கள் தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதிக்குச் செய்த விரிவான நூலும் இதற்குத் துணையாவன.

தமிழாராய்ச்சியாளர் செய்தற்குரிய பணி இதன்பின்னரே தொடங்குகின்றது. ஊர்தோறும் வழங்கும் பெயரைக் கேட்டெழுதுதல் போதாது. பெயர் சொல்வாரோடு செடியருகே சென்று, ‘இப்பெயர் எதனால் வந்தது?’ என வினவுதல் வேண்டும். காயும் பூவும் இலையும் ஒருங்கே அமைந்த கிளையொன்றனை உலர்த்தி, பெயரும் ஊரும் நாளும் குறித்துக் காத்தல் வேண்டும். அங்ஙனம் காக்கப்பட்ட கிளை, உரையாசிரியர் ஒருவர் எழுதாது விட்ட குறிப்பை நிறைவு செய்யும்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வெளிவரத் தொடங்கி (1924) நூறாண்டு கடந்துவிட்டது. அவ்வகராதி தொகுத்த பெயர்களுட் பலவற்றைச் செடியோடு இணைத்துச் சொல்ல வல்ல முதியோர் இன்றும் சிற்றூர்களில் உளர். அவர்தம் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. துத்தி இன்னும் நெடுங்காலம் வழியோரத்திற் பூத்து நிற்கும், அதற்கு ஐயமில்லை. பணியாரத் துத்தி எது, ஒட்டுத்துத்தி எது, சிற்றாமுட்டி எது எனக் காட்டுவாரும் அதன் அருகே நிற்கும் காலத்திலேயே அப்பணியை முடித்தல் நம் கடன் ஆகும்.